குடியம் குகைக்கு நடந்தோம், களத்து மேட்டில் படுத்தோம்

போன மார்கழியில் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. நான் வேலை பார்க்கும் பகுதிக்குள் வருகிற ஊர் என்பதால் ஆசிரியர் குழு அதை எனக்கு அனுப்பியிருந்தது. எழுதியவர் ஒரகடம் பக்கத்தில் 3 ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர். கடிதத்தின் சாரம் இதுதான்:

"என் நிலத்தின் தெற்கு வரப்பு காப்புக்காட்டு எல்லைக்கல்லில் முடிகிறது. கம்பெனியில் வேலை செய்யும் பையன்கள் சனிக்கிழமை ராத்திரி காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு என் நிலம் வழியாகப் போகிறார்கள். வண்டி நிறுத்தவும் தண்ணீருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் தருகிறார்கள். வாங்கலாமா? நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைப் பிடிப்பார்களா? இதையே ஒரு தொழிலாகச் செய்ய வழி உண்டா?"

முதல் இரண்டு கேள்விக்கும் ஓர் அஞ்சலட்டையில் பதில் எழுதிவிடலாம். மூன்றாவது கேள்விக்காகத்தான் நேரிலேயே போனேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஏரிப்பாசன பூமி. பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம், வல்லம் என்று ஊருக்கு ஓர் ஏரி. நடுநடுவே பாறைக்குன்று, குன்றைச் சுற்றிப் புதர்க்காடு. நான் வேளாண்மைப் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்த புதிதில் இந்தப் பக்கம் சம்பாவும் வேர்க்கடலையும்தான் பேச்சு. 1990-களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. (ஊர்ப் பெயருக்குள்ளேயே காடு இருப்பதைக் கவனியுங்கள்.) 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தது. அதன் பின்னால் உதிரிபாகக் கம்பெனிகள் வரிசை கட்டின. இப்போது ராத்திரி 10 மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் திருவிழாக் கூட்டம்போல ஷிஃப்ட் பஸ்கள். ஏரி இருக்கிறது, குன்று இருக்கிறது, காட்டிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நடுவில் இருந்த நிலம்தான் கை மாறிவிட்டது.

பெரியவர் வீட்டில் 8 ஏக்கர் இருந்ததாம். தொழிற்பேட்டைக்கு 5 போனது. அந்தப் பணத்தில் வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார். மகன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். மிச்சமுள்ள மூன்றில் இரண்டில் நெல், ஒன்றில் கொய்யாவும் வரப்போரம் பனையும்.

காட்டுக்குள் போகிற பையன்கள் யார் என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் மகனைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டிக்கொண்டு போவதே அவன்தான்!

"ரூம்ல எட்டுப் பேரு சார். பகல் ஷிஃப்ட்காரன் எழுந்தா நைட் ஷிஃப்ட்காரன் அதே பாய்ல படுப்பான். திருநெல்வேலி, திண்டிவனம், ஒடிசான்னு எங்கெங்கருந்தோ வந்த பசங்க. எல்லாருமே விவசாய வீட்டுப் பசங்கதான். வானத்தப் பாத்துப் படுக்கணும்னு ஆசப்படறானுங்க. தப்பா சார்?"

தப்பில்லை. ஆனால் அவன் அப்பா என்னை எல்லைக்கல்லுக்குக் கூட்டிப்போய் அந்தப் பக்கம் கையை நீட்டினார். பத்தடி தள்ளி மூன்று கல் அடுப்பு ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கல்லெல்லாம் கரிந்து கிடந்தது. சுற்றிலும் மஞ்சம்புல் முழங்கால் உயரம், நுனியில் காயத் தொடங்கிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். காட்டிலிருந்து அவர் வைக்கோல் போரைப் பார்த்து அடித்தது.

எனக்கு அந்தக் கரிந்த கல்லைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ஆறு பேர் ஒரு மலையடிவாரத்தில் ராத்திரி தங்கினோம். மாசி மாதம். விறகு மூட்டிச் சோறாக்கித் தின்று, பாட்டுப் பாடி, காலையில் சாம்பல்தானே என்று காலால் மண்ணைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிட்டோம். சாம்பலுக்கு அடியில் கங்கு இருந்திருக்கிறது. மதியம் காற்று எழுந்ததும் அது புல்லைப் பிடித்து, புல்லிலிருந்து கீழே ஒரு விவசாயியின் வைக்கோல் போரைப் பிடித்தது. இரண்டு மாட்டுக்கு ஒரு வருடத் தீவனம். ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துப் பணம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த மனிதர் திட்டவில்லை. "போரு போனா போவுது, மாடு கட்டியிருந்த எடத்துக்கு வரல" என்றார். வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கே கங்கு எத்தனை நேரம் உயிரோடு இருக்கும் என்று தெரியவில்லை.

2018 மார்ச் 11 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து போன இளம் பிள்ளைகளும் உண்டு. மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லும் மலைச்சரிவுக் காற்றும் சேர்ந்தால் ஓடித் தப்ப முடியாது. தீ மேட்டை நோக்கி மனிதனைவிட வேகமாக ஏறும். அதன் பிறகுதான் அரசு அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. சட்டம் என்று பார்த்தால் அதைவிடப் பழையது: 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் குற்றம், தீ மூட்டுவதும் குற்றம். ஆளுக்கு 100 வாங்கி வழிவிட்டவர் வீட்டுக்கும் விசாரணை வரும். பெரியவரின் முதல் இரண்டு கேள்விக்கு இதுதான் பதில்.

மகன் முகம் தொங்கிவிட்டது. "அப்ப காட்டுக்குள்ள போகவே கூடாதா சார்?"

"போகலாம் தம்பி. கூட்டிக்கொண்டு போகிறவர்களோடு போகலாம்" என்றேன்.

அதே சாலை, ஒன்றரை மணி நேரம்

2024 அக்டோபரில் வனத்துறை 'தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். காட்டை ஒட்டி வாழ்கிற ஊர்களின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிட்டே இருக்கும் பாதை திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. எளிது என்ற வகையில் வருகிறது. ஒரகடத்தைத் தொட்டுக்கொண்டு போகிற சிங்கப்பெருமாள் கோயில் சாலையே ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூர் போகிறது. அங்கிருந்து பூண்டி, பூண்டியிலிருந்து குடியம்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை விடியற்காலை ஒரு வேனில் கிளம்பினோம். பையன்கள் ஆறு பேர், மகன், நான். கடைசி நிமிடத்தில் பெரியவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். "காப்புக்காட்டு ஓரத்துல பொறந்து அறுவத்திரண்டு வருசம் ஆவுது. கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்கன்னா எப்படித்தான் காட்டுறாங்கன்னு பாக்கறேன்."

பூண்டி நீர்த்தேக்கத்தில் பனி விலகாமல் இருந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த அணை. சத்தியமூர்த்தி பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து இணைப்புக் கால்வாய் வழியாகத் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. இதைச் சொன்னதும் ஒடிசாப் பையன் எட்டிப் பார்த்தான். அவன் தினமும் வேலைக்குப் போகும் வழியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைப் பார்க்கிறவன்.

குடியம் ஊரில் வழிகாட்டி காத்திருந்தார். இருளர் சமூகத்து இளைஞர், கையில் ஒரு கம்பு. முதலில் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் பைகளையும் ஒருவன் வைத்திருந்த தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து மோந்து பார்த்தார். "சென்ட் போட்டவங்க யாரு? அங்க போய்த் துடைச்சிட்டு வாங்க." பையன்கள் சிரித்தார்கள். ஏன் என்று குகைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

ஊரிலிருந்து குகைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. செம்மண் பாதை, போகப் போகக் கூழாங்கல். நம் கடலோர மாவட்டங்களின் புதர்க்காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே பார்க்கலாம்: காரை, களா, சூரை, விராலி, வெப்பாலை, நுணா. பெரிய மரம் என்று அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லை. அதனால்தான் பலருக்கு இது காடாகவே தோன்றுவதில்லை, 'முள்ளுக்காடு' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். சூரை பழுத்திருந்தது. பெரியவர் நின்று நின்று பறித்து வாயில் போட்டுக்கொண்டார். திருநெல்வேலிப் பையனுக்கு அந்தப் பழம் தெரிந்திருந்தது. நகரத்தில் வளர்ந்த ஒருவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பெரியவர் வெப்பாலை இலையைக் கிள்ளிப் பாலைக் காட்டினார். வழிகாட்டி அதற்கு மேல் கிள்ளவிடவில்லை. "போதும் பெரியப்பா, ஒரு நாளைக்கு நாப்பது பேரு வர்றாங்க, ஆளுக்கு ஒண்ணு கிள்ளுனா செடி இன்னா ஆவும்?" பெரியவர் கையை எடுத்துக்கொண்டார்.

வழியில் ஒரு திருப்பத்தில் வழிகாட்டி கம்பை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். பாதையோரச் சருகில் ஒரு சுருட்டை விரியன், ஓர் அடிகூட இருக்காது. எங்கள் கண்ணுக்கு அது சருகாகத்தான் தெரிந்தது. பாம்பு பிடிப்பதில் இருளர்களுக்கு உள்ள திறமை புதிதல்ல. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாங்களே தனியாக வந்திருந்தால் ஒன்பது சோடிக் கால் அந்தச் சருகின் மேல் போயிருக்கும்.

குகை என்றால் இருட்டுப் பொந்து என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படியல்ல. மழைக்கு ஒதுங்குகிற தாழ்வாரம்போலப் பாறை முன்னால் நீண்டு குடை பிடிக்கிறது. பாறையைக் கிட்டே போய்ப் பார்த்தால் முழுக்கக் கூழாங்கற்கள், சிமென்டில் ஜல்லி புதைத்த மாதிரி. எந்தக் காலத்திலோ ஆறு உருட்டிக்கொண்டு வந்த கல். முதலில் சின்னது ஒன்று. அதைத் தாண்டிப் பெரியது. பெரியதில் அம்மன் இருக்கிறாள், ஊர்க்காரர்கள் கும்பிடுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நாங்களும் கும்பிட்டோம். அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் மலைத்தேனீக் கூடுகள், முறம் முறமாகத் தொங்குகின்றன. வழிகாட்டி விரலை வாயில் வைத்துக் காட்டினார். வாசனை பட்டாலும் கலையும், புகை பட்டால் சொல்லவே வேண்டாம். இந்த இடத்தில் ஒருவன் கோழி சுட அடுப்பு மூட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி இங்கே தோண்டினார். பழைய கற்காலக் கைக்கோடரி முதல் நுண்கற்கருவி வரை அடுக்கடுக்காகக் கிடைத்தன. இங்கிருந்து தூரத்தில் இல்லாத அத்திரம்பாக்கத்தை 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் ஃபூட் எடுத்த ஒரு கல்தான் இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சிக்கே தொடக்கம். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் தோண்டி, 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. நம் ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டிலும் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன.

வடக்குப்பட்டு என்றதும் பெரியவர் குனிந்து காலடியில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே கல்லத்தான் கடலைக்கு ஓட்டும்போதெல்லாம் பொறுக்கி வரப்புல போட்டுட்டிருக்கேன். எவன் கையில இருந்துச்சோ." எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

ஒடிசாப் பையன் என்னிடம் கேட்டான், தமிழும் இந்தியும் கலந்து: "சார், அவங்க இங்கயே தங்குனாங்க இல்ல? நம்ம மட்டும் ஏன் தங்கக் கூடாது?" நல்ல கேள்வி. அவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், இந்தக் காடு அன்று எவ்வளவு பெரியது என்று யோசிக்கச் சொன்னேன். இன்று இந்தப் பக்கம் மிச்சமிருப்பது துண்டு துண்டான புதர்க்காடு. சுற்றிலும் நம் நிலம், நம் சாலை, நம் ஆலை. பகலில் நாம் வந்து போனாலும் ராத்திரியாவது முள்ளம்பன்றிக்கும் நரிக்கும் கிடைக்க வேண்டாமா? அவன் ஒத்துக்கொண்டானா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மதியத்துக்குள் திரும்பி ஊருக்கு வந்துவிட்டோம். வழிகாட்டி தீப்பெட்டியை மறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

ராத்திரி நம் பக்கத்தில்

காட்டில் பகல், நிலத்தில் ராத்திரி என்று முன்பே பெரியவரிடம் பேசி வைத்திருந்தேன். சம்பா அறுத்து முடிந்து களம் சும்மாதான் கிடந்தது. எல்லைக்கல்லிலிருந்து நூற்றைம்பது அடியாவது தள்ளிய இடம். கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியவரும் அவர் மனைவியும் களத்தைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கி வைத்திருந்தார்கள். வைக்கோல் போர் காற்று வாட்டத்துக்கு எதிர்ப்பக்கம். நடுவில் ஓரடி ஆழக் குழி, அதில் மூன்று கல். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், ஒரு மண்வெட்டி. காவலுக்குப் போடுகிற கீற்றுப் பந்தலைக் கொஞ்சம் நீட்டிக் கட்டி, கயிற்றுக் கட்டில் ஐந்து. பையன்கள் இரண்டு நைலான் கூடாரமும் கொண்டுவந்திருந்தார்கள்.

சமையல் அம்மாதான். குழியடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும். பனங்கிழங்குக் காலம், அதை வேகவைத்து ஒரு கூடை. ஒடிசாப் பையனுக்குப் பனங்கிழங்கை நார் உரித்துத் தின்னக் கற்றுக்கொடுப்பதிலேயே அரைமணி நேரம் போனது. பெரியவர் கேட்காமலே பேச ஆரம்பித்தார். ஏரி மடை முறை வந்தால் ராத்திரியில் தண்ணி கட்டப் போவது, கார்த்திகைக் கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து நேரம் சொல்வது, கடலைக் காவலுக்குப் பரண் கட்டுவது. கார்த்திகையைக் காட்டினார். மற்றபடி நட்சத்திரம் அதிகமில்லை. வடக்கே ஆலைகளின் வெளிச்சத்தில் வானம் செம்மண் நிறத்தில் கிடந்தது. ஆள்காட்டிக் குருவி ஒன்று வயலில் கத்திக்கொண்டே இருந்தது. 10 மணிக்கு மேல் தேய்பிறை நிலா எழுந்தது. பி ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் போகும் சத்தமும் அப்போதுதான்.

மகன் அப்பா பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கதையெல்லாம் அவனுக்கும் புதிது போலிருந்தது.

படுக்கும்போது ஒரு சண்டை. பையன்களுக்குக் கூடாரத்துக்குள் தரையில்தான் படுக்க வேண்டும். நான் விடவில்லை. கட்டுவிரியன் ராத்திரியில்தான் திரியும். தரையில் படுத்தவனைத்தான் கடிக்கும். கடித்தது வலிக்கவே வலிக்காது. காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குகிறது என்று எழுந்திருப்பான். கட்டிலில் கொசுவலையைக் கட்டி மெத்தைக்கு அடியில் செருகிப் படுத்தால் பாதிப் பயம் போச்சு. கடைசியில் நான்கு பேர் கட்டிலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் ஜிப் நன்றாக மூடும் கூடாரத்தில், வெறும் மண் தரையில். விடியற்காலை அவர்கள் இருவரும் நனைந்து எழுந்தார்கள். தைப்பனியில் மூடிய நைலான் உள்பக்கம் வேர்த்துக் கொட்டும். கீற்றுப் பந்தலுக்குக் கீழ் படுத்தவர்கள் மேல் ஒரு சொட்டு இல்லை. பெரியவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

அடுப்பை நானே அணைத்தேன். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்றான பிறகுதான் படுத்தேன். பையன்களைக் கூப்பிட்டுக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

கணக்கு

ஆளுக்கு 600 ரூபாய் என்று ஆறு பேர், 3,600. கோழி, அரிசி, விறகு, வாடகைக்கு எடுத்த இரண்டு கட்டில், அம்மாவுக்கு உதவிக்கு வந்த பெண்ணுக்குக் கூலி எல்லாம் போக 1,700 நின்றது. ஒரு மூட்டை நெல் விலைக்குச் சற்றுக் குறைவு. ஓர் இரவுக்கு. இதை வைத்துக்கொண்டு மாதம் இத்தனை, வருடம் இத்தனை என்று பெருக்கிப் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் வர மாட்டார்கள். கத்தரி வெயிலில் வர மாட்டார்கள். சாகுபடியின்போது களமும் காலியாக இருக்காது. நெல்லுக்கும் கொய்யாவுக்கும் பக்கத்தில் வைக்கிற ஓர் ஊடுபயிராகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

பெரியவரைப் போலவே யோசிக்கிறவர்கள் முதலில் தங்கள் நிலத்தை ராத்திரியில் ஒருமுறை புதியவன் கண்ணோடு சுற்றிப் பாருங்கள். தரைமட்டக் கிணறு இருக்கிறதா? பெரியவர் நிலத்தில் இருந்தது. சுவர் கட்டும்வரை முள்வேலியும் விளக்கும் போடச் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரர் பன்றிக்காக வேலிக்கம்பியில் நேரடி மின்சாரம் விடுகிறாரா? அது சட்டப்படி குற்றம், ஆள் உயிரையும் எடுக்கும். அப்படி ஒன்று அக்கம்பக்கத்தில் இருக்கும்வரை ஒருவரையும் தங்கவைக்காதீர்கள். கழிவறை கட்டாயம், காட்டுப்பக்கம் ஒதுங்க அனுப்புவது அனுமதியில்லாமல் நுழைய அனுப்புவதுதான். ஊராட்சியில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சுற்றுலாத் துறையில் முகாம் நடத்துகிறவர்கள் பதிவு செய்துகொள்ளும் முறை இருக்கிறது. மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். புதர்ப்பக்கம் படுத்ததை மருத்துவரிடம் சொன்னால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் தீர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. களை எடுக்கிற நம் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

2025-ல் காட்டுத்தீக் காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடியது. அந்த இரண்டு மாதமும் பெரியவர் களத்தில் அடுப்பு மூட்டுவதில்லை என்று அவரே முடிவு செய்தார். ஆட்களைத் தங்கவைத்தாலும் சமையல் வீட்டில்தான். எல்லைக்கல் ஓரமாகத் தன் பக்கத்தில் ஆறடி அகலத்துக்கு உழுது போட்டிருக்கிறார், தீ தாண்டாமல் இருக்க. காட்டுக்குள் கரிந்து கிடந்த கற்களைப் பற்றி வனக்காப்பாளரிடம் மகனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். திட்டு வாங்கினானாம். பிறகு அவர் தன் செல்போன் எண்ணைக் கொடுத்து, புகை தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பையன்களுக்கு ஷிஃப்ட் இருந்தது. பஸ் கூட்டுரோட்டுக்குத்தான் வரும். பெரியவர் தன் பழைய டி.வி.எஸ். 50-ல் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய் விட்டுவந்தார். ஒடிசாப் பையன் பையில் பனங்கிழங்கு ஒரு கட்டு. ஊரில் இருக்கும் அவன் அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அங்கேயும் பனை உண்டாம், கிழங்கு போடுவதுண்டா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். பெரியவர் அடுத்த ஆடிக்குப் பனங்கொட்டை கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.